இடம் போட்டு வைத்திருந்தவளின் கோபம்

கேள்வி

எனக்கு 47 வயது. கணவருடன் கோவையில் இருக்கிறேன். ஒரே மகள், சென்னையில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். நான் பிறந்து வளர்ந்தது சேலம் செவ்வாய்ப்பேட்டை. 1996-இல் அங்கே ஒரு பெண்கள் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தேன். 1200-க்கு 1031 மதிப்பெண். கோரிமேட்டில் உள்ள அரசு மகளிர் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதத்துக்கு இடமும் கிடைத்தது. ஆனால் ஆனி மாதமே திருமணம் முடிந்துவிட்டது.

சென்ற ஆண்டு பள்ளித் தோழிகள் வாட்ஸ்அப்பில் ஒரு குழு தொடங்கினார்கள். என் தம்பியைப் பிடித்து எண்ணை வாங்கி என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். பொங்கலுக்கு அடுத்த வாரம் ஏற்காட்டில் ஒரு நாள் தங்கிச் சந்திப்பது என்று முடிவாயிற்று. தலைக்கு 3,500 ரூபாய். எல்லோருக்கும் ஒரே மாதிரி மயில்கழுத்து நிறப் புடவை. கணவர் "தாராளமாகப் போய் வா" என்றார்.

நான் போனதே ஒருத்திக்காகத்தான். இரண்டு ஆண்டுகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். பதினொன்றாம் வகுப்பில் ஏற்காட்டுக்குச் சுற்றுலா போனபோது வளைவுகளில் எனக்குக் குமட்டியது. அடிவாரத்தில் வாங்கிய எலுமிச்சம்பழத்தை மலை ஏறி முடிக்கும்வரை என் மூக்கருகே பிடித்துக்கொண்டு வந்தவள் அவள். என் ஆட்டோகிராஃப் நோட்டில் அவள் எழுதியதை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறேன்: "நட்பு என்னும் மாலையில் நாம் இரு மலர்கள். உன் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிட மறந்துவிடாதே."

இந்த முறை வேனில் அவள் முன் இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டாள். கோரிமேடு வந்ததும் "இதோ நம் காலேஜ்" என்று ஏழெட்டுப் பேர் கூவினார்கள். மேலே போனதும் மைக்கைக் கொடுத்து அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னார்கள். ஒருத்தி வங்கி மேலாளர், ஒருத்தி டாக்டர், அவள் அரசுப் பள்ளி ஆசிரியை. என் முறை வந்தபோது "வீட்டில்தான் இருக்கிறேன்" என்றேன். பின்னாலிருந்து யாரோ "ஒட்டடைக்குச்சி" என்று என் பழைய பட்டப்பெயரைக் கூவினாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மாலையில் ஏரிக்கரையில் அவளாகவே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "காலேஜ் திறந்த அன்றைக்கு உனக்கும் சேர்த்து இடம் போட்டு வைத்திருந்தேன். உனக்குக் கல்யாணம் ஆனது வேறொருத்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும்" என்றாள். "நான் என்ன செய்வேன், எல்லாம் வீட்டில் முடிவு செய்தார்கள். பத்திரிகை அப்பா அனுப்பியிருப்பார் என்று நினைத்தேன்" என்றேன். "சரி, விடு" என்று எழுந்து, பாடிக்கொண்டிருந்தவர்கள் பக்கம் போய்விட்டாள். ஊருக்கு வந்தபின் மூன்று முறை நீளமாகக் குரல் பதிவு அனுப்பினேன். பதிலுக்கு ஒரு கும்பிடு படம் மட்டும் வந்தது.

ஒரு மாதமாகிறது. கணவர் தூங்கியபின் அந்தப் புகைப்படங்களையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அழுகை வருகிறது. "சந்தோஷமாகப் போனவள் ஏன் இப்படி ஆகிவிட்டாய்" என்று அவர் கேட்கிறார். எனக்கு ஏதாவது கோளாறா? அவளுக்கு எப்படிப் புரியவைப்பது? குழுவிலிருந்து விலகிவிடலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை


பதில்

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தைப் படித்துக்கொண்டு வந்தவள் ஒரு வரியில் நின்றுவிட்டேன். "ஆனால் ஆனி மாதமே திருமணம் முடிந்துவிட்டது." எலுமிச்சம்பழத்தைப் பற்றி விரிவாகச் சொல்கிறீர்கள். புடவையின் நிறத்தைக்கூட விடவில்லை. கையில் கிடைத்த கல்லூரி இடம் கைவிட்டுப் போனதைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை. யார் பேச்சை எடுத்தார்கள், நீங்கள் மறுத்துப் பார்த்தீர்களா, சேர்க்கைக் கடிதத்தை என்ன செய்தீர்கள் என்று எதுவுமே இல்லை.

ஏற்காட்டிலிருந்து நீங்கள் இறக்கிக்கொண்டு வந்த துக்கம் பெரும்பாலும் அந்த ஒரு வரிக்குள் இருப்பது என்று நான் நினைக்கிறேன். பள்ளி நாட்கள் போய்விட்டனவே என்ற ஏக்கமும் அதில் உண்டு. ஆனால் பள்ளிக் காலத்தை நீங்கள் முழுதாக வாழ்ந்திருக்கிறீர்கள். அதற்குப் பிறகு வரவேண்டியிருந்த மூன்று ஆண்டுகள்தான் உங்களுக்குக் கிடைக்கவில்லை. அதற்காக நீங்கள் இதுவரை அழவில்லை. அழுவதற்கு எங்கே நேரம் இருந்தது? பந்தக்கால் நட்ட வீட்டில் கல்யாணப்பெண் கல்லூரிக்காக அழுதால் அபசகுனம் என்பார்கள். பிறகு புகுந்த வீடு, தலை தீபாவளி, வளைகாப்பு, குழந்தை. "நல்ல இடத்தில்தானே கொடுத்திருக்கிறோம்" என்று சொல்லும் பெற்றோரிடம், நல்ல மனிதராகவும் இருந்துவிட்ட கணவரிடம், இழந்ததைப் பற்றிப் பேசினால் நன்றிகெட்டவள் ஆகிவிடுவோமோ என்ற பயம் வேறு. உங்கள் தலைமுறைப் பெண்கள் என் ஆலோசனை அறையில் வந்து உட்காரும்போது, எதை எதையோ பேசிவிட்டுக் கடைசியில் மிகத் தயங்கி, சேராமல் போன கல்லூரியின் பெயரைச் சொல்வார்கள். சிலருக்கு அந்தக் காலத்து விண்ணப்ப எண்கூட மறந்திருக்காது.

அந்தத் துக்கம் இப்போது ஏன் எழுந்தது என்பதற்கும் உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள் என்கிறீர்கள். பிள்ளை ஒரு வயதை எட்டும்போது, அதே வயதில் தனக்கு நேர்ந்தது தாய்க்குள் புரண்டு எழுவது ஆலோசனை அறையில் அடிக்கடி காண்பது. மகளைப் பெட்டி படுக்கையோடு விடுதியில் விட்டுவிட்டுத் திரும்பிய நாளிலிருந்தே உங்களுக்குள் ஏதோ அசைந்திருக்கும். அப்புறம் அந்த வேன் கோரிமேட்டைக் கடந்தது. சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து மலைக்குப் போகிறவர்கள் வழக்கமாக அந்த வழியாகத்தான் போவார்கள். உங்களோடு படித்தவர்கள் "நம் காலேஜ்" என்று கூவியபோது, அந்த "நம்" உங்களை உள்ளே விடாமல் கதவைச் சாத்தியது. கொண்டை ஊசி வளைவு ஒன்று என்ற பலகை வருவதற்கு முன்பே உங்கள் மனம் உடைந்துவிட்டது. இருபது வளைவும் தாண்டி மேலே போய், மைக்கில் "வீட்டில்தான் இருக்கிறேன்" என்று சொன்ன குரல் அந்த உடைந்த மனத்தின் குரல்.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். இது கோளாறு இல்லை. ஒரு காலத்தில் மருத்துவர்களே பழைய நாள் ஏக்கத்தைக் கோளாறு என்றுதான் நினைத்தார்கள். 1688-இல் பாசெல் நகரில் யோஹான்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், ஊரைப் பிரிந்து வாழ்ந்த சுவிஸ் மக்களுக்கு வந்த ஏக்கத்தை நோயாகவே வகைப்படுத்தி ஆய்வேடு எழுதினார். இன்றைய உளவியல் அப்படிப் பார்ப்பதில்லை. இங்கிலாந்தில் சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்தின் கான்ஸ்டன்டைன் செடிகிடீஸ், டிம் வில்ட்ஷட் ஆகியோரும் அவர்களுடைய குழுவினரும் இந்த ஏக்கத்தைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். தனிமை அழுத்தும்போது மனம் பழைய நாட்களைத் தேடிப் போகிறது. அங்கே போய் வந்தபின், தனக்கும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற உணர்வு கூடுகிறது என்பது அவர்கள் கண்டவற்றில் முக்கியமானது. பதினெட்டு வயதில், முகம் பழகாத வீட்டில், முதல் ஓராண்டு இரவுகளை நீங்கள் எப்படிக் கடந்தீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்த பெஞ்சுக்கும் அந்த எலுமிச்சம்பழத்துக்கும் எத்தனை தடவை போய் வந்திருப்பீர்கள்! அந்த நினைவு உங்களைத் தாங்கிப் பிடித்தது. அதை இப்போது பைத்தியக்காரத்தனம் என்று நினைத்து உதறவேண்டாம்.

ஆனால் அடிக்கடி எடுத்து ஆளப்பட்ட நினைவுக்கு ஒன்று நேர்கிறது. கேம்பிரிட்ஜ் உளவியலாளர் ஃபிரெடெரிக் பார்ட்லெட் 1932-இல் வெளியிட்ட சோதனைகளில், தமக்குப் பழக்கமில்லாத ஒரு நாட்டுப்புறக் கதையைப் படித்தவர்கள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லும்போது, புரியாத பகுதிகளை விட்டுவிட்டார்கள் அல்லது தங்களுக்கு ஏற்றபடி மாற்றிச் சொன்னார்கள். தாங்கள் மாற்றுகிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. நினைவு என்பது எடுத்து வைத்த பொருளைத் திரும்ப எடுப்பதன்று. ஒவ்வொரு முறையும் கட்டி எழுப்புவது. நாள்தோறும் புளி போட்டுத் தேய்க்கும் பித்தளைச் செம்பு பளபளவென்று ஆகிக்கொண்டே வரும். அதில் வெட்டியிருந்த பெயர் மட்டும் தேய்ந்து போகும். உங்கள் நினைவில் இருந்த தோழியும் அப்படித்தான் ஆகியிருக்கிறாள். அவளுக்கு வருத்தம் இருக்கக்கூடும் என்ற எண்ணமே உங்களுக்கு எழுந்ததில்லை. நோட்டில் அவள் எழுதிய இரண்டு வாக்கியங்களில் முதலாவதையே நீங்கள் இத்தனை ஆண்டுகளாகப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டாவதை இப்போது ஒரு முறை படியுங்கள். அவள் உங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அதை எழுத்தில் கேட்டிருக்கிறாள்.

பத்திரிகை போகாதது உங்கள் குற்றம் என்று சொல்லவில்லை. அந்த நாளில் பத்திரிகைக் கட்டு பெரியவர்கள் கையில் இருந்தது. மஞ்சள் தடவி, யார் யாருக்கு என்று பட்டியல் போட்டு, முறைப்படி போய் வைத்துவிட்டு வந்தவர்கள் அப்பாவும் பெரியப்பாவும்தான். கல்யாணப்பெண்ணின் தோழியர் அந்தப் பட்டியலில் கடைசி வரி; விட்டுப்போனால் கேட்பதற்கு ஆள் இல்லை. செல்போன் இந்தியாவுக்கு வந்ததே 1995-இல்தான். நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணின் கைக்கு வர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. புது மருமகளுக்கு வரும் இன்லேண்ட் கடிதத்தை வீட்டில் வேறொருவர் பிரித்துப் படித்துவிட்டுக் கொடுப்பது பல குடும்பங்களில் சாதாரணமாக நடந்தது. இதையெல்லாம் உங்கள் தோழியும் அறிவாள். அவளும் அதே ஊரில், அதே காலத்தில் வளர்ந்த பெண்தானே.

எனவே அவள் மனத்தில் நிற்பது பத்திரிகை மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகம் இருக்கிறது. ஆனியில் திருமணமான பெண்ணை ஆடியில் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது நம் வழக்கம். உங்களையும் அழைத்து வந்திருப்பார்கள். ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழா. ஊரே வெளியில் நடமாடும் மாதம். கல்லூரி திறந்து சில வாரங்களே ஆகியிருக்கும். கோரிமேட்டுக்குப் பஸ் ஏறி இறங்கிக்கொண்டிருந்த உங்கள் தோழி, நீங்கள் செவ்வாய்ப்பேட்டையில் வந்து தங்கியிருப்பதைக் கேள்விப்படாமலா இருந்திருப்பாள்? நீங்கள் ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போவீர்கள் என்று எதிர்பார்த்திருக்கலாம். நீங்கள் ஏன் போகவில்லை? அந்த ஆடியில் உங்களை உண்மையிலேயே அழைத்து வந்தார்களா, வெளியே விட்டார்களா என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். ஒருவேளை போக முடிந்தும் போகாமல் இருந்திருந்தால், அதற்கான காரணத்தை என்னால் ஊகிக்க முடிகிறது. புது நோட்டும் கையுமாகக் கல்லூரி வாசலில் நிற்கும் அவளைக் கழுத்தில் புதுத் தாலியோடு பார்ப்பது உங்களால் தாங்க முடியாததாக இருந்திருக்கும். அவளைப் பார்க்காமல் இருந்தால், போனது போகாதது போல இருந்துவிடலாம். அப்படித்தான் அவளை விட்டீர்கள் என்றால், வெறுப்பால் விடவில்லை. தாங்க முடியாமல் விட்டீர்கள். ஆனால் அது அவளுக்கு எப்படித் தெரியும்?

ஏரிக்கரையில் அவள் சொன்ன வாக்கியத்தை நீங்கள் புகாராகக் கேட்டிருக்கிறீர்கள். நான் அதை வேறு விதமாகக் கேட்கிறேன். முதல் நாள் கல்லூரியில், புது முகங்களுக்கு நடுவே, தன் பக்கத்தில் பையை வைத்து ஒருத்தி இடம் போட்டு வைத்திருக்கிறாள். "இங்கே ஆள் வருகிறது" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருப்பாள். மணி அடித்திருக்கும், வருகைப் பதிவில் உங்கள் பெயரைக்கூடப் படித்திருக்கலாம். உங்கள் வீட்டில் அன்றைக்கு யாரும் அந்தக் கல்லூரியை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். மாப்பிள்ளை வீட்டில் அப்படி ஒரு கல்லூரி இருப்பதே தெரிந்திருக்காது. நீங்கள் வரவேண்டிய இடத்தில் நீங்கள் வரவில்லை என்பதை இந்த உலகத்தில் கவனித்த ஒரே ஆள் அவள். இத்தனை ஆண்டுகள் கோபம் ஆறாமல் இருந்திருக்கிறாள் என்றால், இத்தனை ஆண்டுகளாக அந்த இடம் காலியாக இருந்ததை மறக்காமல் இருந்திருக்கிறாள் என்றுதானே பொருள்? நீங்கள் தேடிப் போன அன்பு அந்தக் கோபத்துக்குள் இருந்தது. உங்கள் இழப்புக்கு ஒரே சாட்சி அவள்தான்.

அந்தச் சாட்சியிடம் நீங்கள் சொன்ன பதில், "நான் என்ன செய்வேன், எல்லாம் வீட்டில் முடிவு செய்தார்கள்." உண்மைதான். ஆனால் அவள் காரணம் கேட்கவில்லை. தன் வாழ்க்கையின் ஒரு நாளை உங்களிடம் சொன்னாள். ஒருவர் தன் வலியைச் சொல்லும்போது நம் தரப்பு நியாயத்தை எடுத்துவைத்தால், பேச்சு அங்கேயே அறுந்துவிடும். "சரி, விடு" என்று அவள் எழுந்து போனது அதனால்தான். பிறகு நீங்கள் அனுப்பிய மூன்று குரல் பதிவுகளிலும் இதே விளக்கம்தான் நீண்டிருக்கும் என்று நினைக்கிறேன். ஆகவே "எப்படிப் புரியவைப்பது" என்ற கேள்வியை இப்போதைக்கு ஒதுக்கிவையுங்கள். அவளுக்குப் புரியவைக்க உங்களிடம் இருப்பதைவிட, உங்களிடம் சொல்ல அவளிடம் இருப்பது அதிகம்.

அவளுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள். குரல் பதிவு வேண்டாம். குழுவில் போடவே வேண்டாம். நான் எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுவேன்: "நீ இடம் போட்டு வைத்திருந்ததை எனக்கு ஏரிக்கரையில் சொன்னாய். நான் அதைக் கேட்காமல் என் கதையைச் சொல்லிவிட்டேன். அந்த நாளைப் பற்றி உன்னிடம் நேரில் கேட்க வேண்டும். உனக்குத் தோதான ஒரு நாள் சொன்னால் சேலம் வருகிறேன்." இதில் மன்னிப்பு என்ற சொல் இல்லாதது தற்செயல் அன்று. எதற்கு என்று தெரியாமல் கேட்கும் மன்னிப்பு, பேச்சை முடித்துவைக்கத்தான் பயன்படும். அவள் பேசி முடித்தபின், எதற்காகக் கேட்கவேண்டும் என்பது உங்களுக்கே தெரியவரும்.

சந்திப்பது அவள் வீட்டில் இருக்கட்டும். இதை வற்புறுத்தியே சொல்கிறேன். பள்ளி வாசலில் போய் நிற்பது, அந்த நாளில் இருவரும் ஒரு தட்டில் பங்குபோட்டுத் தின்றிருக்கக்கூடிய தட்டுவடை செட் கடையில் உட்காருவது என்றெல்லாம் மனம் ஆசைப்படும். அங்கே போனால் இருவரும் பதினேழு வயதுப் பெண்களாக நடிக்கத் தொடங்கிவிடுவீர்கள். ஏற்காட்டில் நடந்ததும் அதுதான். அவள் வீட்டுக்குப் போனால் அவளுடைய சுவரில் மாட்டியிருக்கும் படங்களைப் பார்ப்பீர்கள். திருத்தவேண்டிய விடைத்தாள் கட்டைப் பார்ப்பீர்கள். அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடும் மனிதர்களைப் பார்ப்பீர்கள். ஆசிரியை என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் அவளும் எதை எதை இழந்திருக்கிறாள் என்பது அங்கேதான் தெரியும். உங்களுக்குக் கிடைக்காத கல்லூரி அவளுக்குக் கிடைத்தது. அதனால் அவள் வாழ்க்கை நிறைந்துவிட்டது என்று நீங்களாக முடிவு செய்துவிடாதீர்கள்.

ஒரே சந்திப்பில் பழைய நெருக்கம் வந்துவிடும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமானவர் ஒருவர் சாதாரண நண்பராக ஏறத்தாழ 50 மணி நேரமும், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேலும் சேர்ந்து செலவிட வேண்டியிருப்பதாகக் கணக்கிட்டார். பள்ளியில் ஒரே பெஞ்சில் நாளுக்கு ஆறு மணி நேரம். ஒன்றரை மாதத்தில் இருநூறு மணி நேரம் தானாகச் சேர்ந்துவிட்டது. இப்போது அப்படிச் சேராது. இன்றைய அவளும் இன்றைய நீங்களும் அநேகமாக அறிமுகமில்லாதவர்கள். கோவைக்கும் சேலத்துக்கும் பஸ்ஸில் சில மணி நேரம்தான், ரயிலும் இருக்கிறது. மாதம் ஒரு தொலைபேசி அழைப்பு, விசேஷத்துக்கு ஒரு வருகை என்று மெல்லத்தான் அந்த மணிகள் சேரும்.

குழுவைப் பற்றி. விலகவேண்டாம், மௌனப்படுத்தி வையுங்கள். இரவில் படங்களைப் பார்ப்பதை நிறுத்துங்கள். அந்தப் படங்களில் எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். அவற்றில் உங்களுக்கு ஒரு பதிலும் கிடைக்காது. பட்டப்பெயர் விஷயத்தில் மட்டும் சும்மா இருக்காதீர்கள். கூவியவளுக்குத் தனியாக ஒரு வரி: "அந்தப் பெயர் அப்போதும் எனக்குப் பிடிக்கவில்லை. இனி என் பெயரைச் சொல்லிக் கூப்பிடு." சிரிப்புப் படம் எதுவும் சேர்க்காமல் அனுப்புங்கள். நாற்பத்தேழு வயதுப் பெண்ணை எலும்பும் தோலுமாக இருந்த பிள்ளையாகவே பார்ப்பதில் பாசம் எதுவும் இல்லை.

இத்தகைய சந்திப்புகளை ஏற்பாடு செய்கிறவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். மைக்கைக் கொடுத்து வேலையையும் பிள்ளைகளின் படிப்பையும் சொல்லச் சொல்லாதீர்கள். கணவனை இழந்தவர், பிரிந்தவர், பிள்ளை இல்லாதவர், வேலைக்கே போகாதவர் என்று அங்கே பத்துப் பேராவது வியர்த்துக்கொண்டு தங்கள் முறைக்குக் காத்திருப்பார்கள். ஒரே புடவை, ஒரே தொகை என்பதும் எல்லோராலும் முடிகிற காரியமா என்று முன்பே விசாரியுங்கள். பெண்கள் பள்ளிக் குழுக்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. திருமணத்தோடு இனிஷியல் மாறிவிடுகிறது, ஊர் மாறிவிடுகிறது, சிம் கார்டு கணவர் பெயரில் இருக்கிறது; பழைய பெயரை வைத்துத் தேடினால் பாதிப் பேர் கிடைப்பதே இல்லை. இந்த வாசகியைத் தம்பி மூலம் தேடிப் பிடித்தீர்கள் பாருங்கள், அது பெரிய காரியம். வராதவர்களையும் அப்படித் தேடுங்கள்.

மீண்டும் உங்களிடம். இப்போதே உங்களைச் சுற்றியுள்ளவர்கள் "இப்போதுகூடத் தபால் வழியில் பட்டம் படிக்கலாமே" என்று சொல்லத் தொடங்குவார்கள். அஞ்சல் வழியில் படிக்க இன்றைக்கு வழிகள் நிறைய. நீங்கள் விரும்பினால் ஒரு நாள் கணிதம் படிக்கலாம். அதற்கு வயது தடையே இல்லை. ஆனால் துக்கத்தை மூடும் மருந்தாக அதை இந்த மாதமே கையில் எடுக்காதீர்கள். முதலில் இழந்ததை இழந்ததாகச் சொல்லிக்கொள்ளுங்கள். 1996 சித்திரையிலிருந்து ஆடி வரை நடந்தவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள்: பரீட்சை முடிந்த நாள், முடிவு வந்த நாள், பெண் பார்க்க வந்த நாள், சேர்க்கைக் கடிதம் வந்த நாள். நல்ல தமிழில் எழுத வேண்டியதில்லை, வந்தபடி எழுதுங்கள். அழுகை வந்தால் அழுங்கள். அது வரவேண்டிய அழுகை.

உடம்பையும் கவனியுங்கள். நாற்பத்தேழு என்பது மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டிய வயது. தூக்கம் கெடுவதும் காரணமின்றிக் கண் கலங்குவதும் அதனாலும் வரும், தைராய்டு குறைந்தாலும் வரும். ஒரு மகளிர் நல மருத்துவரிடம் காட்டி, ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை ஆகியவை நாள் முழுவதும், இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தாலோ, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலோ, மனநல மருத்துவரைப் பார்க்கத் தாமதிக்காதீர்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்; தமிழிலேயே பேசலாம்.

கணவர் அக்கறையோடு கேட்கிறார். அவருக்கு நீங்கள் இதுவரை பதில் சொல்லவில்லை என்று தெரிகிறது. "உங்கள் மீது குறை இல்லை. அந்த வருஷம் எனக்கு ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அதை நினைத்துத்தான் அழுகிறேன்" என்று சொல்லுங்கள். இந்தச் செய்தியே அவருக்குப் புதிதாக இருக்கலாம்.

தோழி பதில் அனுப்பாமலும் போகலாம். ஒரு மாதம் பொறுங்கள். இரண்டாவது செய்தி அனுப்பாதீர்கள். அதற்குப் பிறகும் மௌனம்தான் என்றால், அவளுடைய பள்ளி முகவரிக்கு அல்லாமல் வீட்டு முகவரிக்கு, உங்கள் கைப்பட ஒரு கடிதம் எழுதிப் போடுங்கள். நோட்டில் எழுதிய 1996-இலிருந்து இரண்டு பக்கங்களை அதில் வைக்கலாம். பதில் வேண்டும் என்று கேட்காதீர்கள். உங்கள் கோவை முகவரியை மட்டும் உறையின் பின்புறம் தெளிவாக எழுதிவையுங்கள்.